நாலு வண்ணச் சீட்டும் நம் பெயரும்

(கிளைக் கழகச் செயலாளர்களும் வாக்குச்சாவடி முகவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



உள்ளாட்சித் தேர்தல் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். மாற்றாரைச் சாடுவேன், நையாண்டி செய்து நகைக்க வைப்பேன் என்ற நினைப்போடு நீங்கள் வந்திருக்கக்கூடும். அந்த விருந்து இன்று இல்லை. படிவங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆறாம் எண் படிவம், ஏழாம் எண் படிவம், எட்டாம் எண் படிவம்! காதுக்கு இனிக்காத சொற்கள்தாம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மூன்று மாதம் மேடையில் முழங்கி, வீதியெல்லாம் சுற்றி, வீட்டுப் படியெல்லாம் ஏறி, நம் பக்கம் திருப்பிய ஒரு தாய், வாக்குச்சாவடிக்குள் நுழைகிறார். அலுவலர் பட்டியலைப் புரட்டுகிறார். "அம்மா, உங்கள் பெயர் இதில் இல்லையே" என்கிறார். நம் முழக்கம் அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துபோகிறதா இல்லையா?

அளவுக்கு மீறி அஞ்சுகிறேன் என்று கருதவேண்டாம். தீவிரத் திருத்தம் என்ற பெயரால் 2025 நவம்பரில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலை அலசினார்கள். டிசம்பர் 19-ஆம் நாள் வரைவுப் பட்டியல் வெளிவந்தது. முன்பு இருந்த ஏறத்தாழ 6 கோடியே 41 லட்சம் பெயர்களில் 97 லட்சத்துக்கு மேற்பட்டவை அதில் இல்லை! மாண்டவர் உண்டு, இடம் மாறியவர் உண்டு, இருமுறை எழுதப்பட்டவர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கரும்பு வெட்டப் போன குடும்பமும், செங்கற்சூளைக்குப் பிழைக்கப் போன குடும்பமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடவில்லை என்று உறுதி கூற யாரால் முடியும்? பெயர் நீங்கியதை நீங்கியவரே அறியமாட்டார். வாக்கெடுப்பு நாளன்றுதான் அறிவார். அன்று அழுது பயன் இல்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டிப் பெருமை பேசுகிறோம். 919-லும் 921-லும் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியவை. ஓலையில் பெயரெழுதி, குடத்திலிட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். அருமையான ஏற்பாடு! ஆயினும் அந்தக் குடத்துக்குள் எவன் பெயர் விழும்? கால்வேலிக்குக் குறையாமல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். உழுதவன் பெயர் ஓலைக்கு வரவில்லை. நாற்று நட்டவள் பெயர் நினைப்பிலும் வரவில்லை. பெண்ணுக்கு வாக்குரிமை தரச் சென்னை மாகாணச் சட்டமன்றம் முடிவு செய்தது 1921-இல், நீதிக்கட்சி ஆட்சியில். ஆயிரம் ஆண்டு இடைவெளி! அதன் பின்னும் சொத்துள்ளவர்க்கே வாக்கு என்ற நிலை தொடர்ந்தது. நிலமில்லாதவனும் எழுத்தறியாதவளும் பட்டியலில் ஏறியது குடியரசு மலர்ந்த பிறகுதான். இத்தனை தொலைவு நடந்து வந்த உரிமையை, ஒரு படிவம் நிரப்பச் சோம்பி இழப்பதா?

இனி நடைமுறைக்கு வருகிறேன். உள்ளாட்சிக்கென்று தனியே வீடு வீடாகச் சென்று பட்டியல் எடுப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிக்கு இந்தியத் தேர்தல் ஆணையம் ஆக்கிய பட்டியலையே வார்டு வாரியாகப் பிரித்து மாநிலத் தேர்தல் ஆணையம் வெளியிடுகிறது. ஆகவே முதற்பட்டியலில் இல்லாதவர் இரண்டாவதிலும் இல்லை. முதற்பட்டியலில் இருந்தாலும், பிரிக்கும்போது தெருவின் ஒரு சிறகு அடுத்த வார்டுக்குத் தாவிவிட்டதா என்று பார்த்தாக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டு எண் வீட்டு எண்ணாகச் சரிபாருங்கள். நூறு வாக்கில் வெற்றி தோல்வி முடிவாகும் வார்டில், ஒரு தெரு இடம் மாறினால் ஊரின் தலையெழுத்தே மாறும்.

புதிதாகச் சேர்வோர்க்கு ஆறாம் எண் படிவம். முகவரி மாற்றவும் பிழை திருத்தவும் எட்டாம் எண். இறந்தவர், குடிபெயர்ந்தவர் பெயரை நீக்கக் கோருவதற்கு ஏழாம் எண். இந்த ஏழாம் எண்ணில்தான் கண் வைக்க வேண்டும்! நம் ஆதரவாளர் பெயருக்கு எதிராக யாரேனும் அதை நீட்டினால், விசாரணையின்போது சம்பந்தப்பட்டவரை நேரில் நிறுத்துங்கள். நாமும் பொய்யாக ஒன்றையும் நீட்டக்கூடாது. பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பதினெட்டு வயது நிரம்பியவர்க்கு முன்பு ஜனவரி முதல் நாள் ஒன்றே கணக்கு. 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாட்கள். பதினேழு முடிந்த பிள்ளையே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம். கல்லூரி வாயிலில் நில்லுங்கள். துண்டறிக்கையோடு படிவமும் கொடுங்கள். வேட்புமனுவின் இறுதி நாளைக் கடந்தால் கதவு அடைபடும். அதுவரை காத்திருப்பவன் வண்டி புறப்பட்ட பின் நிலையத்துக்கு ஓடுபவன்.

நம் ஊர்களை வாட்டும் சிக்கல் வேறொன்று. அதை ஒரு சிறு காட்சியாகக் காட்டுகிறேன். நாடகம் எழுதும் பழக்கம் விடமாட்டேன் என்கிறது. இராமநாதபுரத்துச் சிற்றூர்க்காரர் ஒருவர் திருப்பூரில் பனியன் ஆலையில் பணிபுரிகிறார். நம் தோழன் தொலைபேசியில் அழைக்கிறான்.

"அண்ணே, தேர்தல் வருகிறது."

"வரட்டும் தம்பி. என் வாக்கைத் தபாலில் அனுப்பிவிட வழியுண்டா?"

"இல்லை அண்ணே."

"திருப்பூரிலேயே போட்டுவிடலாமா?"

"அங்கே பட்டியலில் இருந்தால் போடலாம். ஆனால் அப்போது இங்கே இருக்கக்கூடாது."

"அப்படியானால் நான் எந்த ஊர்க்காரன் தம்பி?"

கேள்வி நெஞ்சைத் தைக்கிறது. சட்டம் சொல்லும் விடை இது: ஒருவர் ஒரே இடத்தில்தான் வாக்காளராக இருக்கலாம், வழக்கமாகக் குடியிருக்கும் இடமே அவர் இடம். வீடு இருக்கிறது என்பதாலேயே ஒருவர் அவ்வூர்க் குடி ஆகிவிடமாட்டார். அதேபோல், சிலகாலம் வெளியூர் சென்றார் என்பதாலேயே சொந்த ஊர்க்குடி என்ற தகுதியை இழந்தும் விடமாட்டார். மனைவி மக்களை ஊரில் விட்டு, பருவந்தோறும் போய்த் திரும்புகிறவர் ஊர்ப்பட்டியலிலேயே இருக்கட்டும். வாக்கெடுப்பு நாளுக்குப் பேருந்துச் சீட்டை இன்றே எடுக்கட்டும். குடும்பத்தோடு குடியேறிப் பத்தாண்டு ஆகியிருந்தால், எட்டாம் எண் படிவம் கொடுத்துத் திருப்பூருக்கே மாறிக்கொள்ளட்டும். அங்கே குழாயில் தண்ணீர் வராததற்கு யாரைக் கேட்பது? அந்த வார்டு உறுப்பினரைத்தானே! விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு மட்டும், வீட்டு முகவரியா விடுதி முகவரியா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருக்கிறது.

இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் பொறி ஒன்றை 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட ஆணையம் முற்பட்டது. பல கட்சிகள் ஐயம் எழுப்பின. 2024 தேர்தலுக்கு அது வரவில்லை. உழைப்பாளி பயணச் செலவைத் தானே சுமக்கிறான்.

அப்படியானால் தபால் வாக்கு யாருக்கு? தேர்தல் பணியில் அமர்த்தப்படும் ஆசிரியர், அரசு ஊழியர், காவலர் ஆகியோர்க்கு. பணி ஆணை கைக்கு வந்ததும், பயிற்சி வகுப்பு நாளிலேயே விண்ணப்பம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். எண்ணிக்கை தொடங்கக் குறித்த நேரத்துக்குள் உறை சேரவேண்டும். கையொப்பமும் சான்றொப்பமும் விடுபட்டால் உறையே செல்லாது. படித்தவர் வீட்டில்தான் இந்தப் பிழை அதிகம் என்பது என் கணிப்பு! 2021 சட்டமன்றத் தேர்தலில் எண்பது வயது கடந்தோரும், நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே வாக்களிக்க வழி செய்தார்கள். 2024-இல் அவ்வயது 85 ஆயிற்று. அவை சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கான ஏற்பாடு. உள்ளாட்சிக்கும் உண்டென்று நம்பிப் பாட்டியை வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள். அறிவிப்பில் எழுதியிருந்தாலன்றி அவர் சாவடிக்கு வந்தாக வேண்டும். பேரன் கைபிடித்து அழைத்து வரட்டும். வேட்பாளர் வண்டி அமர்த்தி ஏற்றி வருவது குற்றம், நினைவிருக்கட்டும்.

சாவடிக்குள் நகரத்தில் பொறி, ஒரு பொத்தான். சிற்றூரில் நாலு சீட்டு! 2019 டிசம்பரில் ஊராட்சி வார்டு உறுப்பினர்க்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவர்க்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினர்க்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினர்க்கு மஞ்சள். ஒவ்வொன்றிலும் ஒரே முத்திரை. மை காயுமுன் அவசரமாக மடித்தால் அடுத்த சின்னத்தில் ஒட்டும். தாய்மார்க்கு மாதிரித் தாள் கொடுத்து மடித்துப் பழக்குங்கள். முதலிரண்டு சீட்டில் கட்சிச் சின்னம் கிடையாது. "நம் சின்னமே இல்லையே, அதில் என்ன" என்று நம் தோழர்களே சோர்வதைக் கண்டிருக்கிறேன். தெருவிளக்கும் குடிநீரும் அந்த இரண்டு சீட்டில்தானே இருக்கின்றன! தன் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டால் திரும்பி வராதீர்கள்; தன்னை மெய்ப்பித்து, ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு கேட்டுப் பெறலாம்.

பட்டியலில் பெயர் இருப்பது வாக்குக்கு மட்டுமன்று. கிராமசபை என்றால் யார்? ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் என்கிறது அரசியல் சட்டம். பெயர் இல்லாதவர் ஊர்க் கணக்கைக் கேட்கும் உரிமையையும் இழக்கிறார்.

இதற்காக உயிரே கொடுத்திருக்கிறார்கள், தோழர்களே! மதுரை மாவட்டம் மேலவளவில், ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கிய ஊராட்சியின் தலைவராகத் தேர்வு பெற்ற முருகேசனும் உடனிருந்தோரும் 1997 ஜூன் 30-ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் என்ற நாலு ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவர் நாற்காலி நிலைக்கவில்லை. மனு கொடுப்பாரில்லை, கொடுத்து வென்றவரும் அமர்ந்திருக்க முடியவில்லை. 2006-இல்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. இன்னும் சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலத்தில் விடும் இழிவு தலைகாட்டுகிறது. கோயிலுக்குப் பணம் என்பார்கள். போட்டியின்றித் தேர்வு என்பார்கள். போட்டியில்லையேல் வாக்கு இல்லை. வாக்கு இல்லையேல் ஏழையின் வாசலுக்கு எவன் வருவான்?

1959-இல் சென்னை மாநகராட்சியைத் திராவிட முன்னேற்றக் கழகம் கைப்பற்றியபோது, குப்பை வாரும் மன்றம்தானே என்று ஏளனம் செய்தவர் உண்டு. 1967-இல் கோட்டை கைமாறியது. தேர்தலே நடவாத காலத்தையும் பார்த்தோம். 2016 அக்டோபர்த் தேர்தல் நீதிமன்ற ஆணையால் நின்றது. சிற்றூர்களில் பெரும்பாலானவை 2019 வரையிலும் நகரங்கள் 2022 வரையிலும் தனி அலுவலர்கள் கையில் கிடந்தன. கழிவுநீர் வாய்க்காலுக்காக மனு எழுதிக் காத்திருந்தவரைக் கேட்டால், வார்டு உறுப்பினர் என்பவர் எவ்வளவு பெரியவர் என்று சொல்வார்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மாலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். அவரவர் பாகத்துப் பட்டியலைக் கொண்டு வாருங்கள். இறந்தவர் பெயருக்கு எதிரே ஒரு குறி. வெளியூரில் இருப்பவர் பெயருக்கு எதிரே அவர் எந்த ஊர், என்றைக்கு வருவார் என்ற விவரம். விடுபட்டவர் பெயர் கடைசிப் பக்கத்தில். படிவங்கள் மேடைக்கு வலப்புறம் கட்டி வைத்திருக்கின்றன. கிளைக்கு நூறு வீதம் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.