அழகுக்கு மதிப்பெண்



1994ஆம் ஆண்டு நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியானார். அதே ஆண்டு ஐஸ்வர்யா ராய் உலக அழகியானார். நாடே மகிழ்ந்தது. 1996இல் உலக அழகிப் போட்டி பெங்களூருக்கே வந்தபோது, அதை எதிர்த்துப் பலர் தெருவில் இறங்கினார்கள். நீச்சலுடைச் சுற்றை மட்டும் செஷல்ஸ் தீவுகளில் நடத்தினார்கள். மகுடம் வந்தபோது கைதட்டினோம்; மேடை வந்தபோது முகம் சுளித்தோம். அழகிப் போட்டி நல்லதா, அநீதியா என்பதில் நமக்கே தெளிவில்லை.

திருவிவிலியத்திலும் ஓர் அழகிப் போட்டி உண்டு. எஸ்தர் நூலைத் திறந்து பாருங்கள். 127 மாநிலங்களை ஆண்ட மன்னன் அகஸ்வேர், விருந்தின் ஏழாம் நாள், மது மயக்கத்தில், அரசி வஸ்தியின் அழகை எல்லாருக்கும் காட்ட விரும்பி, அவரை மகுடத்தோடு வரச் சொல்கிறான். வஸ்தி மறுக்கிறார். அரசிப் பட்டம் பறிபோகிறது. பிறகு நாடெங்கும் அழகிய இளம்பெண்களைத் திரட்டுகிறார்கள். பன்னிரண்டு மாதம் ஒப்பனை. ஆறு மாதம் வெள்ளைப்போள எண்ணெய், ஆறு மாதம் நறுமணப் பொருள்கள். எஸ்தர் தேர்வாகிறார். மற்றப் பெண்கள்? மன்னன் பெயர் சொல்லி அழைத்தாலன்றி மீண்டும் அவன் முன் போக முடியாது. அந்தப்புரத்தின் இன்னொரு பகுதியில் அவர்கள் கதை முடிந்துவிடுகிறது. அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இன்றைய போட்டிகளுக்கு யாரையும் அப்படிப் பிடித்துக்கொண்டு போவதில்லை என்பது உண்மைதான். உலக அழகிப் போட்டி 2014இல் நீச்சலுடைச் சுற்றைக் கைவிட்டது. பிரபஞ்ச அழகிப் போட்டியில் 2023 முதல் மணமானவர்களும் தாய்மாரும் கலந்துகொள்ளலாம். நல்ல மாற்றங்களே. “குரல் வளம் உள்ளவர் பாடலாம், கால் வலிமை உள்ளவர் ஓடலாம் என்றால், அழகு உள்ளவர் மேடையேறினால் என்ன? அதுவும் கடவுள் தந்த கொடைதானே?” என்று நம் பிள்ளைகள் கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான்.

ஆனால் ஒன்றை யோசிப்போம். ஓட்டப்பந்தயத்தில் தோற்ற பெண்ணிடம் கடிகாரம், “இன்று உன் ஓட்டம் போதவில்லை” என்று சொல்கிறது. பயிற்சி செய்து நாளை அவள் வெல்லலாம். அழகிப் போட்டியில் தோற்ற பெண்ணின் காதிலோ, “நீயே போதாது” என்று விழுகிறது. ஒருவர் செய்த செயலுக்கு மதிப்பெண் போடலாம். கடவுளின் சாயலுக்கு மதிப்பெண் போட நாம் யார்?

இப்படிச் சொல்லிவிட்டு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பெண் பார்க்கப் போன இடத்தில், “எல்லாம் சரி, பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி” என்று சொல்வது யார்? நாம்தான். கிறிஸ்து பிறப்பு விழா நாடகத்தில் மாதா வேடத்துக்குச் சிவந்த நிறமுள்ள பிள்ளையையே ஆண்டுதோறும் தேடிப் பிடிப்பது யார்? பங்குத்தந்தையரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் பெற்றோருமாகிய நாம்தான். கறுத்த பிள்ளை இடையர் கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கிறாள். எந்த நடுவரும் இல்லாமலேயே, ஆலய வளாகத்துக்குள் அவளுக்கு நாம் மதிப்பெண் போட்டுவிட்டோம். அவள் அதை எளிதில் மறக்கமாட்டாள். நற்செய்தியாளர் ஒருவரும் மரியாவின் நிறத்தைப் பற்றியோ முகத்தைப் பற்றியோ ஒரு வரிகூட எழுதவில்லை. ஆண்டவருக்கு ‘ஆம்’ என்று சொன்னதைத்தான் எழுதினார்கள்.

இறைவாக்கினர் சாமுவேலே எலியாபின் தோற்றத்தையும் உயரத்தையும் பார்த்துத் தவறாகக் கணித்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைசிப் பிள்ளை தாவீதைத் தேர்ந்தெடுத்தவர் கடவுள். எஸ்தரையும் நாம் நினைவுகூர்வது அவர் பெற்ற மகுடத்துக்காக அல்ல. அழைப்பின்றி மன்னன் முன் சென்றால் சாவு என்று தெரிந்தும், நோன்பிருந்து, தம் மக்களுக்காக உள்ளே சென்றாரே, அதற்காக.

ஆகவே அன்பார்ந்தவர்களே, இந்த ஆண்டு நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, இதுவரை யாரும் அழைக்காத அந்தப் பிள்ளையை அழைப்போம். நீலப் போர்வையை அவள் தோளில் போடுவோம். வீட்டில் பிள்ளைகளின் நிறத்தை ஒப்பிட்டுப் பேசுவதை இன்றோடு நிறுத்துவோம்.

இறைவா, உம் கைவேலையை எடைபோட்டுப் பார்த்த எங்கள் கண்களை மன்னியும். ஒவ்வொருவரிலும் உமது சாயலைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.