பயிற்சியும் பணியிடமும்



புதுவைக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்துள்ளது பிள்ளைச்சாவடி. அங்கே இருவகைக் கல்வி நடைபெறக் காண்கிறேன். 1984-ஆம் ஆண்டில் தோன்றிய பொறியியற் கல்லூரி, இன்று புதுவைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. கடற்கரையிலோ, மீனவ இளைஞன் தன் தந்தையோடு படகேறிக் கடலிலேயே தொழில் பயில்கிறான். அவனுக்குக் கற்கும் இடமும் செய்யும் இடமும் ஒன்றே. பிழை நேர்ந்தால் திருத்துபவரும் அருகிலேயே இருக்கிறார்.

தொழிற்சாலை நிருவாகியின் நிலை வேறு. அவர் பயிற்சி பெறுவது ஓரிடம், பணிபுரிவது மற்றோரிடம். கற்றது பணியிடம் வந்து சேர எவை துணைபுரிகின்றன?

அமெரிக்காவில் உழவு இயந்திரங்கள் செய்துவந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி, தொழிலாளரிடம் பரிவோடு பழகுமாறு தன் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி அளித்தது. அதன் பயனை ஆராய்ந்த உளவியல் அறிஞர் எட்வின் பிளீஷ்மன், 1953-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பயிற்சி முடிந்த வேளையில் அவர்கள் மனப்பான்மை மாறியிருந்தது. ஆலைக்குத் திரும்பியபின் அம்மாற்றம் நிலைக்கவில்லை. மேலதிகாரி பரிவுடையவராயின் அவர்களும் பரிவு காட்டினர்; அவர் கடுமை காட்டின் இவர்களும் கடுமையையே கைக்கொண்டனர்.

1988-இல் பால்டுவின், போர்டு என்னும் அறிஞர் இருவர் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, காரணங்களை மூன்றாக வகுத்தனர். கற்பவரின் ஆற்றலும் ஆர்வமும் ஒன்று. பயிற்சி அமைந்த முறை மற்றொன்று. பணியிடச் சூழல் மூன்றாவது. மேலதிகாரியின் ஆதரவும், கற்றதைச் செய்து பார்க்கும் வாய்ப்பும் இச்சூழலில் அடங்கும்.

கற்றது பயன்படாதபோது கற்றவரின் சோம்பலையே நாம் குறைகூறுகிறோம். அது முழு உண்மையன்று என்பது என் கருத்து. பயிற்சிக்குச் செல்லுமுன், எதற்காகச் செல்கிறார் என்பதை மேலதிகாரி அவரோடு கலந்து பேசுதல் வேண்டும். திரும்பி வந்ததும், மறதி சூழுமுன்னரே, கற்றதற்கேற்ற பணியை ஒப்படைத்தல் வேண்டும். புதுமுறை பழகும்வரை வேலை சற்றுத் தாமதமாகும். அதனைப் பொறுத்தல் வேண்டும். இவையின்றேல் செலவிட்ட பொருளும் காலமும் வீணாகும். அதனினும் கொடிது, ஆர்வத்தோடு வந்தவர் உள்ளம் சோர்தல்.

மாணவர்களே! நாளை நீங்கள் பயிற்சி பெறுவீர்கள். பின்னொரு நாள் பிறரைப் பயிற்சிக்கு அனுப்பும் பொறுப்பையும் ஏற்பீர்கள். அன்று, திரும்பி வருபவரிடம் சான்றிதழைக் கேட்பதோடு நில்லாதீர்கள். “கற்றவற்றுள் எதை முதலில் செய்யப் போகிறீர்? அதற்கு நான் என்ன உதவி செய்யவேண்டும்?” என்றும் கேளுங்கள்.