வேண்டிய பொழுதில் விளக்கு எரிய வேண்டும்

(ஆரணியில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டுக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் கைத்தறிக்கும் மின்சாரம் வேண்டும். பட்டிழையை முறுக்கும் பொறியும், அறுந்த இழையைக் காட்டும் விளக்கும் அதனால்தான் இயங்குகின்றன. ஆகவே நாட்டின் மின்வளத்தை மதிப்பிடுவது அறிஞர்க்கு மட்டும் உரிய பணியன்று. அதற்கு மூன்று வினாக்கள் போதும். வேண்டிய பொழுதில் கிடைக்கிறதா? எளியோர் தாங்கும் விலையில் கிடைக்கிறதா? நம் பெயரன் பெயர்த்தியர் காலத்திலும் கிடைக்குமா?

முதல் வினாவுக்கு நம் மாநிலமே சான்று. 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றது. அப்போதும் காற்றாலைத் திறனில் இந்தியாவிலேயே தமிழகம்தான் முதலிடத்தில் இருந்தது. முப்பந்தலில் காற்றாலைகள் நிறைந்து நின்றும் நம் இல்லங்கள் இருண்டது ஏன்? காற்று மே முதல் செப்டம்பர் வரை பெருகி வீசும், பின்னர் ஓயும். ஓய்ந்த காலத்தில் வடபுலத்து மின்சாரத்தைக் கொணரப் போதிய தடமும் இல்லை. ரெய்ச்சூர்–சோலாப்பூர் தடத்தின் வழியே தென்னக மின்கட்டமைப்பு நாடு முழுவதோடும் ஒரே வலையாக இணைந்தது 2013 டிசம்பர் 31இல்தான். ஆக்கும் திறன் வேறு, உரிய நேரத்தில் கைக்கு எட்டும் திறன் வேறு என்பதை அவ்விருள் உணர்த்தியது.

இரண்டாவது, விலை. கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 யூனிட்டாக உயர்ந்தது. நல்ல உதவியே. எனினும் அதன் செலவு மறைவதில்லை. அரசின் கருவூலம் அதைச் சுமக்கிறது.

மூன்றாவது, நிலைபேறு. நம் அனல்மின் நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து நிலக்கரி இரயிலேறிக் கப்பலேறி வருகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் எடுக்க எடுக்கக் குறையும். கதிரவன் குறைவதில்லை. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. ஆனால் ஊரெல்லாம் விளக்கேற்றும் வேளையில் கதிரவன் மறைந்துவிடுகிறான்.

எனவே விளைந்த நெல்லைக் குதிரில் சேர்ப்பதுபோல மின்சாரத்தையும் சேர்த்தாக வேண்டும். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 1980களிலேயே இதைச் செய்து காட்டினர். மின்சாரம் மிகும்போது நீரை மேலணைக்கு ஏற்றுவர். தேவை மிகும்போது அதை இறக்கி 400 மெகாவாட் வரை பெறுவர். புதிய காற்றாலைக்கும் சூரியத்தகட்டுக்கும் காட்டும் ஆர்வத்தை இத்தகைய சேமிப்புக்கும் மின்தடங்களுக்கும் காட்டினாலன்றி, தூய மின்சாரம் துணையாக வாராது.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. இழை முறுக்குதல், நீரிறைத்தல் போன்ற பணிகளைச் சூரிய மின்சாரம் மிகும் நண்பகலுக்கு மாற்றலாம். மாலை மின்சாரத்தைத் தறி விளக்குக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் விடலாம். தேவைக்கு மேல் கொள்ளாமை நம் முன்னோர் நமக்கு வகுத்த நோன்பு. அது மின்சாரத்துக்கும் பொருந்தும்.