கோலமாவும் கணினியும்



உடப்புசல்லாவைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கணினி நிரல் அமைக்கக் கற்பிப்போம் என்று நாம் சொன்னபோது, "லயத்தில் கணினி ஏது, தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆகவே கணினி இல்லாமலே தொடங்கினோம்.

ஒருத்தி கோலமாவுடன் நிற்பாள். மற்றவள் முதுகைத் திருப்பிக்கொண்டு கட்டளையிடுவாள்: "மூன்று சாண் கோடு இழு, வலப்புறம் திரும்பு, இவ்விரண்டையும் நான்கு முறை செய்." சதுரம் வரும். சொன்னதற்கு மேல் எதுவும் செய்யலாகாது, கணினியும் அப்படித்தான். ஒருநாள் "திரும்பு" என்ற சொல் விடுபட்டது. கோடு நேரே கான் வரைக்கும் போயிற்று! சிரித்து முடித்ததும், பிழை வரைந்தவளிடம் இல்லை, கட்டளையில்தான் என்று பிள்ளைகளே கண்டு சொன்னார்கள்.

மொட்டும் இரண்டிலையும் இருந்தால் பறி, இல்லையேல் விடு என்பதும் நிரலே. தாய்மார் நாளெல்லாம் செய்வது அதுதான்.

இது ஆண்பிள்ளை வேலை என்பாரும் உளர். அமெரிக்காவில் 1946இல் வெளியான எனியாக் கணினிக்கு முதன்முதல் நிரல் அமைத்த அறுவரும் பெண்களே. கோலத்தையே கணினி இலக்கணமாக ஆராய்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்ட கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்னும் மூவரில் இருவர் பெண்கள்.

முதல்நாள் எண்மர் வந்தனர், இப்போது ஐவரே. மற்ற மூவர் ஞாயிறு பிற்பகலில் தண்ணீர் சுமக்கிறார்கள், தம்பி தங்கையைப் பார்க்கிறார்கள். பெற்றோர்களே, அந்த இரண்டு மணி நேரத்தை விட்டுத்தாருங்கள். தண்ணீர் சுமக்க நம் சங்கத்து இளைஞர்கள் வருவார்கள்.