ஒரு தையல்கூட இல்லாத ஸ்வெட்டர்

(நம் நலச்சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "பேங்க்ல இருந்தவங்க, டெபாசிட், நாமினேஷன் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்" என்றார். அதைச் சொல்ல என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இங்கே நாலு பேர் இருக்கிறார்கள். நான் ஸ்வெட்டர் பின்னுவதைப் பற்றிப் பேசுகிறேனே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கோயம்புத்தூர்லயா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பின்னுவது கோயம்புத்தூரில். போட்டுக்கொள்வது கோத்தகிரியில். என் அம்மா அங்கே தம்பி வீட்டில் இருக்கிறார். வயது 86. டிசம்பர், ஜனவரியில் அங்கே சாயங்காலம் 5 மணிக்கே கை விறைத்துப் போகும். அம்மாவிடம் கடையில் வாங்கிய ஸ்வெட்டர் இரண்டு, நான் பின்னிக் கொடுத்தது ஒன்று இருந்தன. மூன்றையும் போட மாட்டேன் என்றுவிட்டார். காரணம் கேட்டால் "உறுத்துது" என்பார். முதலில் நான் அதைப் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் குளிக்க வைக்கும்போது பார்த்தேன். தோள்பட்டையிலும் அக்குளிலும் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. வயதானவர்களுக்குத் தோல் மெலிந்து போய்விடுகிறது. அதன்மேல் ஸ்வெட்டரின் தையல் ஓரம் நாள் முழுக்க உராய்ந்தால் வேறு என்ன ஆகும்?

ஸ்வெட்டர் போடாததால் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடமாடுவார். அதோடு அடுப்பங்கரைக்கும் போவார். காப்பியை அவரே போட்டால்தான் அவருக்குத் திருப்தி. சால்வை முனை கேஸ் அடுப்பின் பக்கம் தொங்குவதை ஒருமுறை நானே பார்த்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பின்னலில் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். சாதாரணமாக ஸ்வெட்டரை நான்கு துண்டாகப் பின்னுவோம். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை. பிறகு ஊசி நூல் எடுத்துத் தைத்துச் சேர்ப்போம். அந்தத் தையல்தான் உறுத்துவது. ஆனால் துண்டே இல்லாமல், குழாய் மாதிரி வட்டமாகவே சுற்றிச் சுற்றிப் பின்னினால் தைக்க வேண்டிய வேலையே இல்லை. இது புதுசும் இல்லை. இங்கிலாந்துக் கடற்கரை மீனவர்களுக்கு அந்த வீட்டுப் பெண்கள் ஐந்து இரும்பு ஊசிகளை வைத்து இப்படித்தான் வட்டமாகப் பின்னிக் கொடுத்தார்கள். இப்போது நமக்கு வட்ட ஊசி கிடைக்கிறது. இரண்டு ஊசி முனைகள், நடுவில் வளையும் கேபிள்.

என் மகள் எனக்கு ஒரு புத்தகம் வாங்கித் தந்தாள். எலிசபெத் ஸிம்மர்மன் என்பவர் எழுதி 1971இல் வந்தது. அவர் 1910இல் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழ்ந்து, 1999இல் காலமானவர். புத்தகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'கண்ணீரில்லாப் பின்னல்'. பிரித்துப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாமே சதவீதக் கணக்கு! உடம்புச் சுற்றளவில் எத்தனை கண்ணி வருகிறதோ அதை 100 என்று வைத்துக்கொள். மணிக்கட்டுக்கு அதில் 20 சதவீதம். மேல்கைக்கு 33. கழுத்துக்கு 40. அக்குளுக்கு 8. அவ்வளவுதான். பி.காம். படித்துவிட்டு வாழ்நாள் முழுக்க வட்டி போட்டவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த 100 என்ற எண்ணை எங்கிருந்து எடுப்பது? ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று அளந்து, அதை வேண்டிய சுற்றளவால் பெருக்க வேண்டும். ஒரே நூல், ஒரே ஊசியானாலும் என் கைக்கு ஒரு கணக்கு வரும், உங்கள் கைக்கு வேறு கணக்கு வரும். அதனால் முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி அளந்து பார்க்க வேண்டும். நானும் பார்த்தேன். எட்டாம் நம்பர் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர். 4 அங்குலத்துக்கு 18 கண்ணி வந்தது. அங்குலத்துக்கு நாலரை. அம்மாவின் மார்புச் சுற்றளவு 32 அங்குலம். தாராளமாக இருக்க 4 கூட்டி 36. நாலரையை 36ஆல் பெருக்கினால் 162. 162 கண்ணி போட்டு ஆரம்பித்தேன்.

இரண்டரை மாதம் பின்னினேன். பத்து அங்குலம் வளர்ந்தபோதே, "என்னடா, குறுகலாத் தெரியுதே" என்று ஒரு சந்தேகம் வந்தது. டேப்பை எடுத்து வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கண்ணிகள் ஊசியில் நெருக்கிக்கொண்டு நிற்பதால் அப்படித் தெரிகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கணக்கில் வித்தியாசம் வந்தால் விடியும்வரை உட்கார்ந்து தேடிய காலம் உண்டு. அப்படிப்பட்ட நான்தான் இப்படிச் செய்தேன்.

டிசம்பர் முதல் வாரம் எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்குத் தோள் சரியாகத் தூக்க வராது. ஒரு கையை நுழைத்தோம். இன்னொரு கையை நுழைக்க முடியவில்லை. இழுத்தால் வலிக்கிறது. பாதி தலை உள்ளே இருக்கும்போதே அம்மா கேட்டார், "ஏங்கண்ணு, இது எனக்கா, பேத்திக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வருடக் குளிரும் சால்வையோடுதான் என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

டேப் வைத்து அளந்தேன். முப்பத்திரண்டரை அங்குலம்கூட இல்லை. தப்பு எங்கே என்று தேடினால், அளவுத் துண்டில். அந்தத் துண்டை நான் தட்டையாக, ஒரு வரிசை நேராக, ஒரு வரிசை திரும்பி வந்து பின்னியிருந்தேன். திரும்பி வரும் வரிசையில் பர்ல் பின்ன வேண்டும். என் கையில் பர்ல் கொஞ்சம் தளர்வாக விழும். நிறையப் பேருக்கு அப்படித்தான். வட்டமாகப் பின்னும்போது பர்லே கிடையாது, எல்லாம் நிட் மட்டும். அதனால் பின்னல் இறுகி, அங்குலத்துக்கு நாலரைக்குப் பதில் 5 கண்ணி வந்துவிட்டது. 162ஐ 5ஆல் வகுத்தால் 32.4. அரைக் கண்ணி வித்தியாசம்தான். ஆனால் உடம்பைச் சுற்றி வரும்போது மூன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

பிரிப்பதைத் தவிர வழியில்லை. தைத்த ஸ்வெட்டரைப் பிரிக்க வேண்டுமானால் தையல் எங்கே என்று கத்தரிக்கோலோடு தேட வேண்டும். இதில் அக்குளில் மட்டும் இணைப்பை எடுத்துவிட்டு, கழுத்தில் நூல் முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று வந்துகொண்டே இருக்கும். அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிரியும் நூலை அவர் கையில் சுற்றினேன். இரண்டரை மாத வேலை இரண்டு சாயங்காலத்தில் முடிந்தது. "நூல் வீணாகலையே, விடு" என்றார். பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும். அலசி, சின்ன பாரம் கட்டிக் காயப்போட்டால் நேராகிவிடும்.

இரண்டாம் தடவை துண்டு பின்னவில்லை. ஒரு குல்லா பின்னினேன், வட்டமாக. அது அளவு பார்க்கவும் ஆயிற்று, அம்மாவின் தலைக்கும் ஆயிற்று. அலசிக் காயவைத்து அளந்தேன். 4 அங்குலத்துக்கு 20 கண்ணி. அங்குலத்துக்கு 5. ஐந்தை 36ஆல் பெருக்கினால் 180. இனிமேல் கணக்கைக் கவனியுங்கள்.

உடம்புக்கு 180 கண்ணி. வட்டத்தைச் சேர்க்கும் முன் கண்ணிகளெல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பூச்சரம் முறுக்கிக்கொள்வது போல ஒரு முறுக்கு விழுந்துவிட்டால் கடைசிவரை சரியாகாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். 2 அங்குலம் ரிப், அதன்மேல் அக்குள்வரை நேராகக் குழாய்.

கைக்கு, மணிக்கட்டில் 20 சதவீதம், 36 கண்ணி. மேல்கையில் 33 சதவீதம், 59.4; நான் 60 என்று வைத்துக்கொண்டேன். 24 கண்ணி கூட்ட வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு வீதம் 12 தடவை. ரிப் முடிந்ததும் 8 சுற்றுக்கு ஒருமுறை கூட்டினால் சரியாக வரும். கை சின்ன வட்டம் என்பதால் வட்ட ஊசி நீளமாகிவிடுமே என்று கேட்பீர்கள். 80 சென்டிமீட்டர் ஊசியில் கண்ணிகளைப் பாதி பாதியாகப் பிரித்து, மிச்சக் கேபிளை நடுவில் வெளியே இழுத்துவிட்டுப் பின்னலாம். ஒரே ஊசி எல்லாவற்றுக்கும் போதும்.

அடுத்தது அக்குள். 8 சதவீதம், 14 கண்ணி. உடம்பில் இரண்டு பக்கமும் 14, ஒவ்வொரு கையிலும் 14. இவற்றை வேறு நூலில் கோத்து நிறுத்தி வைக்க வேண்டும். பேங்க் ஆட்களுக்குச் சொன்னால் புரியும், இது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். கடைசியில் எதிரெதிராக நிற்கும் 14ஐயும் 14ஐயும் ஊசி நூலால் கண்ணிக்குக் கண்ணி இணைத்தால் கணக்கு நேராகிவிடும். அந்த இணைப்பும் பின்னல் மாதிரியேதான் விழும், மேடு தட்டாது.

இனி உடம்பையும் கைகளையும் ஒரே ஊசியில் சேர்க்கிறோம். 180இல் 28 போக 152. ஒவ்வொரு கையிலும் 60இல் 14 போக 46, இரண்டுக்கும் 92. மொத்தம் 244. இதுதான் தோள்வட்டம். இதன் உயரம் உடம்புச் சுற்றளவில் கால் பங்கு, 9 அங்குலம். பாதி உயரம்வரை குறைக்கவே வேண்டாம். நாலரை அங்குலத்தில், இரண்டு பின்னி இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவது. 244 போய் 183. முக்கால் உயரத்தில், ஒன்று பின்னி இரண்டைச் சேர்ப்பது, 122. கடைசியில், இரண்டிரண்டாக இருமுறை சேர்த்து ஒன்று பின்னுவது, மிஞ்சுவது 73.

இப்போது சொல்லுங்கள், கழுத்துக்கு எத்தனை வேண்டும் என்றோம்? 180இல் 40 சதவீதம். 72! ஒரு பக்கம் சதவீதம், இன்னொரு பக்கம் மூன்று தடவை குறைப்பு. இரண்டு வெவ்வேறு வழியில் வந்து ஒரே ஒரு கண்ணி வித்தியாசம். அந்த ஒன்றை ரிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். சாயங்காலம் கேஷ் டேலி ஆனால் வரும் சந்தோஷம் இருக்கிறதே, ரிட்டையர் ஆன பிறகு அது எனக்கு மறுபடி கிடைத்தது அன்றைக்குத்தான்.

ஒரு விஷயம் மட்டும் கணக்கில் வராது. அம்மாவுக்கு முதுகு கொஞ்சம் கூன். முன்னும் பின்னும் ஒரே உயரம் வைத்தால் முதுகுப் பக்கம் ஸ்வெட்டர் மேலே ஏறிக்கொள்ளும், இடுப்பில் குளிர் அடிக்கும். அதனால் அக்குளுக்குக் கீழேயும், கழுத்துக்குக் கொஞ்சம் முன்பும், முதுகுப் பக்கக் கண்ணிகளை மட்டும் பின்னிப் பாதியில் திரும்பி வந்து, அங்கே உயரத்தைக் கூட்டினேன். திரும்பும் இடத்தில் ஓட்டை விழாமல் இருக்கப் பக்கத்துக் கண்ணியை நூலால் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் பர்ல் தவிர்க்க முடியாது. யாருக்குப் பின்னுகிறோமோ அவரை ஒருமுறை பக்கவாட்டில் நிற்க வைத்துப் பாருங்கள். புத்தகத்தில் அவருடைய முதுகு இருக்காது.

மறு நவம்பரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தத் தடவை இரண்டு கையும் நுழைந்தன, தலையும் நுழைந்தது. அம்மா தோளைத் தடவிப் பார்த்தார், அக்குளைத் தடவினார், உள்ளே விரலை விட்டுத் தையலைத் தேடினார். கிடைக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் எழுந்து காப்பி போடப் போய்விட்டார். சால்வை நாற்காலியிலேயே இருந்தது. எனக்கு அது போதும்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எந்த மாதிரி வேலை செய்யப் போகிறோமோ, அந்த மாதிரியே செய்து அளவு எடுங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் அன்றைக்கே டேப்பை எடுங்கள். வயதானவர்கள் "உறுத்துது" என்றால் அதையும் ஒருமுறை சட்டையை விலக்கிப் பாருங்கள். நான் ஒரு வருடம் தாமதமாகத்தான் பார்த்தேன்.

யாருக்காவது கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். 80 சென்டிமீட்டர் வட்ட ஊசி ஒன்றும், கொஞ்சம் கம்பளி நூலும் போதும். முதலில் குல்லாதான். ஆண்களும் வரலாம். அந்த மீனவ ஊர்களில் எப்படியோ தெரியாது, நம் வீட்டில் யாரும் சிரிக்க மாட்டோம்.