ஓயாத நிலம்

அசையாப் பொருளுக்கு உவமை வேண்டுமானால் நாம் நிலத்தைத்தான் சொல்லுகிறோம். பூகம்பமானி தீட்டும் கோட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். பூகம்பமே இல்லாத நாளிலும் அந்தக் கோடு நேராக இராது. சிற்றலை போல இரவும் பகலும் நெளிந்துகொண்டேயிருக்கும். நிலத்தின் இந்த ஓயாத இரைச்சலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1870-ஆம் ஆண்டை ஒட்டி, இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் பெர்த்தெல்லி என்ற பாதிரியார் ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் நுனியை நுண்பெருக்கியால் நோக்கி வந்தார். ஊசல் ஓய்ந்திருக்கவேயில்லை. தெருவில் போகும் வண்டிகளின் வேலை என்று எவருக்கும் தோன்றும். ஆனால் அந்த நடுக்கம் குளிர்காலத்தில் மிகுந்தது. பாரமானி இறங்கிய நாட்களில் மிகுந்தது. வண்டிக்காரர்கள் பாரமானியைப் பார்த்தா வண்டி ஓட்டுகிறார்கள்?

குற்றவாளி கடல்தான். கரையில் மோதும் அலை நிலத்தைத் தட்டுகிறது. பதினான்கு வினாடிக்கு ஓர் அலை வந்தால், நிலமும் ஏறக்குறைய பதினான்கு வினாடிக்கு ஒரு முறை அசைகிறது. இதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், இதைவிட வலுவான மற்றோர் அசைவு, சரியாக அதில் பாதிக் காலத்தில், ஏழு வினாடிக்கு ஒரு முறை நிகழ்கிறது. அது எங்கிருந்து வருகிறது?

1950-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த லாங்கெட்-ஹிக்கின்ஸ் இதற்கு விடை கூறினார். எதிரெதிராக வரும் இரண்டு அலை வரிசைகள் நடுக்கடலில் சந்திப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீர் நின்ற இடத்திலேயே மேடாகிறது, பிறகு சமமாகிறது. முன்பு பள்ளமாயிருந்த இடங்கள் அடுத்து மேடாகின்றன, மீண்டும் சமமாகின்றன. இந்த ஒரு சுற்றில் நீர் இருமுறை குவிகிறதல்லவா? ஒவ்வொரு முறை குவியும்போதும் நீர்த்திரள் முழுவதன் ஈர்ப்பு மையம் சற்றே உயர்ந்து தாழ்கிறது. ஆகவே கடலடியை அழுத்தும் அழுத்தமும் இருமுறை ஏறி இறங்குகிறது. சாதாரண அலையின் அழுத்தம் ஆழம் போகப்போக மாய்ந்துவிடும்; இந்த அழுத்தமோ எத்தனை ஆழமானாலும் குறையாமல் அடிவரை சென்று நிலத்தைத் தட்டுகிறது. கணக்கு ஒன்று கடலின் அடியைத் தொட்ட கதை இது. எனக்கு மிகவும் பிடித்தது.

நம் நாட்டவருக்கும் இதில் பங்குண்டு. சுதாம்சு குமார் பானர்ஜி என்ற வானிலை அறிஞர், இந்தியக் கடல்களில் எழும் புயலையும் பருவக்காற்றையும் பம்பாயில் பதிவான நில நடுக்கங்களோடு இணைத்து ஆராய்ந்து, 1930-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் கட்டுரை வெளியிட்டார். வானத்திலிருந்து புயலைப் பார்க்கும் செயற்கைக்கோள் இல்லாத காலம் அது. கப்பல் எதுவும் காணாத புயலைப் பற்றி நிலம் ஏதேனும் சொல்லுமா என்பது, உயிர்களைக் காக்க வேண்டியவர்களின் கேள்வி.

இனி மனிதனின் இரைச்சல். கடலின் அசைவு பல வினாடிக்கு ஒன்று. ரயில், லாரி, இயந்திரம், நடக்கும் கால்கள் ஆகியவற்றின் அசைவோ வினாடிக்குப் பல. அதனால் இரண்டையும் பிரிப்பது எளிது. பகலில் ஓங்கி இரவில் தணிவதும், ஞாயிற்றுக்கிழமை சற்று ஓய்வதும் மனித இரைச்சலின் அடையாளம். தாழ்வாரத்தில் நடந்தபடியே எந்த வகுப்பில் ஆசிரியர் இல்லை என்பதை இரைச்சலைக் கொண்டே அறிவது என் நெடுநாள் தொழில். பூகம்ப நிலையத்தாரின் தொழிலும் ஏறக்குறைய அதுவே.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய்க்கு அஞ்சி உலகமே கதவடைத்தபோது, இந்த இரைச்சல் பல இடங்களில் பாதி வரை குறைந்தது. 117 நாடுகளில் உள்ள 268 நிலையங்களின் பதிவுகள் ஆராயப்பட்டன. ஆழ்துளைகளில் வைத்த கருவிகள் சிலவற்றிலும் அந்த அமைதி தெரிந்தது. நகரங்களுக்குக் கீழே நிகழும் சிறு நடுக்கங்கள் நம் ஆரவாரத்தில் மறைந்துபோகின்றன. எந்தப் பிளவு இன்னும் உயிரோடிருக்கிறது என்று காட்டுபவை அவையே. ஆகையால் இந்த அமைதியை ஆராய்ச்சியாளர்கள் அரிய வாய்ப்பாகக் கருதினார்கள்.

இரைச்சலை வெறும் தொல்லை என்று தள்ளிவிடவும் கூடாது. இரண்டு நிலையங்களின் பதிவுகளை நீண்ட நாள் ஒப்பிட்டால், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அலை செல்லும் வேகம் அவற்றிலிருந்தே வெளிப்படும். கலிபோர்னியாவில் பதிவான ஒரு மாத இரைச்சலைக் கொண்டு 2005-இல் ஒரு நிலப்படமே வரைந்துவிட்டார்கள். வெடி வைக்கவில்லை, பூகம்பத்திற்குக் காத்திருக்கவுமில்லை. வண்டல் நிரம்பிய பள்ளத்தாக்கில் அலை மெதுவாகவும், சியரா நெவாடா மலையின் கருங்கற்பாறையில் விரைவாகவும் செல்வது அப்படத்தில் தெளிவாகத் தெரிந்தது.