தனித் தரிசனமும் சபையின் திருப்பணியும்



ஒருவர் பெற்ற தரிசனமும் அவர் சார்ந்த சபையின் திருப்பணியும் எப்படி இசையும்? இதைப் பேச நாம் கூடியிருக்கும் பினாங்கின் ஜார்ஜ்டவுன் பொருத்தமான ஊர். பார்குவார் தெருவில் மாநில அருங்காட்சியகத்துக்குரிய பழைய கட்டடம் ஒரு காலத்தில் பினாங்கு பிரீ ஸ்கூலாக இருந்தது. அந்தப் பள்ளியைத் தோற்றுவித்த ஹட்சிங்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் குருவானவர். இங்கிருந்த ஆங்கிலேயருக்கு ஆராதனை நடத்துவதும், ஞானஸ்நானம் கொடுப்பதும், இறந்தோரை அடக்கம் செய்வதும்தான் அவருக்கு இடப்பட்ட வேலை. எல்லா இனத்துப் பிள்ளைகளும் படிக்க ஒரு பள்ளி வேண்டும் என்பது அவர் மனத்தில் இருந்தது. திட்டத்தை ஆளுநர் பெட்ரியிடம் வைத்தார். குழு அமைந்தது, 1816 அக்டோபர் 21 அன்று பள்ளி தொடங்கியது. மலேசியத் தமிழ்க் கல்வி தன் தொடக்கமாகக் கொண்டாடும் தமிழ் வகுப்பும் அங்கேதான் பிறந்தது. தன் பொறுப்பை உதறாமலே அதன் எல்லையை விரித்த ஹட்சிங்ஸ், 1827இல் இவ்வூரிலேயே மறைந்தார்.

எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. லண்டன் மிஷன் சங்கம் அனுப்பிய தாமஸ் பெய்ட்டன் 1819 முதல் பினாங்கில் மலாய் மக்களிடையே உழைத்தார். சங்கத்தின் கண்ணோ சீனாவின்மேல் இருந்தது. 1842இல் நான்கிங் உடன்படிக்கையால் சீனத் துறைமுகங்கள் திறந்ததும் சங்கம் இப்பகுதி நிலையங்களைக் கைவிட்டு அங்கே நகர்ந்தது. பெய்ட்டன் 1844இல் இங்கேயே இறந்தார். சிங்கப்பூரில் பெஞ்சமின் கீஸ்பெரி 1847இல் சங்கத்திலிருந்து விலகி, அச்சுத் தொழிலில் பிழைத்துக்கொண்டு, 1875இல் இறக்கும்வரை மலாய் ஊழியத்தை நடத்தினார். அந்த உறுதிக்கு முன் தலை வணங்குகிறேன். ஆனாலும் ஒரே மனிதரின் தோளில் நிற்கும் ஊழியத்துக்கு அவருக்குப்பின் யார் என்ற கேள்வி எப்போதும் உண்டு.

மூன்றாவதாக ஒரு வழியைக் காட்டியவர் நம்மவர், வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் காசைச் சேர்த்து, கடலுக்கு அப்பால் தமிழகக் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது அவரை உலுக்கியது. தாம் ஒருவராகக் கிளம்பிவிடாமல் ஊர் திரும்பி, திருநெல்வேலிச் சபையாரிடம் அந்தப் பாரத்தைப் பகிர்ந்தார். 1903இல் இந்திய மிஷனரி சங்கம் உருவாயிற்று. நிஜாம் ஆட்சியிலிருந்த தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் அதன் களமானது. 1909இல் குருப்பட்டம் பெற்று அவரே அங்கே போனார். 1912இல் அதே தோர்ணக்கலின் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்.

அசரியா தம் தரிசனத்தைச் சபையின் முன் வைத்தார். சபையும் காதுகொடுத்து, காசு கொடுத்து, ஆள் கொடுத்தது. இந்த இரண்டாவது பாதியை நாம் மறந்துபோனோம் என்பதே என் மனக்குறை. தனியாள்தான் சபையின் திட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று எத்தனை பிரசங்கம் செய்கிறோம்! வருடத் திட்டம் செயற்குழுவில் முடிவாகிறது. பாடற்குழு, ஞாயிறு பள்ளி, மாதர் சங்கம், இளைஞர் ஐக்கியம் என்று பெயர்கள் நிரப்பப்படுகின்றன. மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் தாதி, நோயாளியின் படுக்கையருகே இருப்பதே தன் அழைப்பு என்று நம்புகிறார். அந்தப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. ஞாயிறு ஷிப்ட் விழுந்தால் "ஆளைக் காணோமே" என்ற பேச்சுதான் மிஞ்சுகிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஆலையில் இளம் சகாக்களுக்கு அண்ணனாக நிற்கும் தொழிலாளியின் நிலையும் அதுவே. அந்தியோகியா சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்துப் பர்னபாவையும் சவுலையும் அனுப்பியதை அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் தாதியின் தலைமேல் எந்தச் சபை கை வைத்தது?

தரிசனம் என்று சொல்லப்படுவதெல்லாம் தேவனிடமிருந்து வந்ததாகிவிடாது என்பதையும் அறிவேன். தன் பெயரில் ஓர் ஊழியம் தொடங்கும் ஆசையும் தரிசனத்தின் உடையில் வரும். அதனால்தான் சோதித்தறியும் இடம் சபையில் வேண்டும். அந்த இடம் செயற்குழுவா, மூப்பர் கூட்டமா, வீட்டு ஜெபக்குழுவா? யார் கேட்பது, எத்தனை காலம் காத்திருப்பது, மறுக்கும்போது எப்படி மறுப்பது? கட்டுரையாளர்கள் தங்கள் சபைகளில் உண்மையில் நடப்பதை மறைக்காமல் முன்வைக்கும்படி வேண்டி, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.